மூடிய கதவும் 27 அடுக்கும்: அமுதாவைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியில் நடக்கும் என் காதல் நாவலைப் படித்துவிட்டு நீங்கள் கேட்டவற்றில், திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். முடிவு முன்னாலேயே தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் கதையைப் படித்துவிட்டு வாருங்கள். புயல் பற்றிய பதிலில் முக்கியமான காட்சி இருக்கிறது.

படிக்காதவர்களுக்கு, கதை என்ன?

அமுதாவுக்கு 24 வயது. முத்தியால்பேட்டையில் விறகு அடுப்பு பேக்கரி வைத்திருந்தவரின் மகள். அந்தக் கடை கடனில் போய்விட்டது. இப்போது கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டலின் பேஸ்ட்ரி கிச்சனில் கீழ்மட்ட வேலை பார்க்கிறாள். ஒரு நாள் பேஸ்ட்ரி செஃப் ஆக வேண்டும் என்பது கனவு. அதை யாரிடமும் சொன்னதில்லை. பொதுவாகவே அவள் யாரிடமும் எதையும் சொல்வதில்லை. அந்தக் கிச்சனின் ஃப்ரீஸர்களையும் குளிர் அறையையும் பழுதுபார்க்க வருகிறவன் சகாயராஜ், தூத்துக்குடிக்காரன். இவர்கள் இருவரின் ஒரு வருடம்தான் நாவல்.

அமுதா ஏன் இவ்வளவு இறுக்கமாக இருக்கிறாள்? சிரிக்கக்கூட யோசிக்கிறாளே?

அவளுக்கு 11 வயதில் தானே புயல் வந்தது. 2011 டிசம்பர் 30 அதிகாலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்த புயல். மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் காற்று. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. கதையில் அந்தக் காற்று அமுதாவின் அப்பாவுடைய கடைக் கூரையைக் கொண்டுபோகிறது. கூரையைக்கூட அவர் சரிசெய்துவிடுகிறார். அதே சமயம் கூட்டாளி ஒருவர், "நானும் கடையை நிமிர்த்தணும், ஒரு கையெழுத்துதான்" என்று கேட்க, அவர் வாங்கிய கடனுக்கு இவர் ஜாமீன் போடுகிறார். கூட்டாளி ஊரை விட்டுப் போய்விடுகிறார். கடையைக் கவிழ்த்தது அந்தக் கையெழுத்து.

அமுதா அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று: வாய் வார்த்தையை நம்பாதே, எடை போட்டுப் பார். அதனால்தான் அவளுக்கு பேஸ்ட்ரி பிடிக்கிறது. கறிக்குழம்பில் உப்பைக் கண்ணால் அளந்து போடலாம். பேஸ்ட்ரியில் தண்ணீரையும் கிராமில்தான் நிறுப்பார்கள். தராசு பொய் சொல்லாத ஒரு அறைக்குள் அவள் போய் ஒளிந்துகொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவள் சிரிக்காததும் அதனால்தான். சிரித்தால் அடுத்தவர் ஏதாவது கேட்பார்கள் என்ற பயம்.

ஒரு ஜாமீன் கையெழுத்துக்காக ஒருவர் கடையே போய்விடுமா? கதைக்காக மிகைப்படுத்தினீர்களா?

இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 128 படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன் போட்டவருக்கும் அவ்வளவு பொறுப்பு. "முதலில் அவரிடம் கேளுங்கள், அப்புறம் என்னிடம் வாருங்கள்" என்று சொல்ல முடியாது. நம் ஊரில் இதைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுகிறவர்கள் குறைவு. சொந்தக்காரர், கூடப் படித்தவர், பக்கத்துக் கடைக்காரர் என்று முகத்துக்காகப் போட்டுவிடுவார்கள்.

'காமி' என்கிறாளே, அது என்ன?

ஹோட்டல் கிச்சன் படிக்கட்டில் கீழ்ப்படிகள். காமி 3, காமி 2, காமி 1 என்று ஏற வேண்டும். அதற்கு மேல் டிசிடிபி, சிடிபி (கிச்சனின் ஒரு பிரிவைப் பார்த்துக்கொள்பவரின் துணையாள், பிறகு அந்தப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர்), சூ செஃப் (தலைமை செஃபுக்கு அடுத்தவர்). பேஸ்ட்ரி செஃப் என்ற இடம் அதற்கும் மேலே. பிரெஞ்சு வார்த்தைகள் நம் கிச்சன்களில் தேய்ந்து இப்படி ஆகிவிட்டன. அமுதா காமி 2. அதாவது முட்டை உடைப்பாள், மாவு சலிப்பாள், தட்டு தட்டாகப் பழம் வெட்டுவாள். கிரீம் மேல் கடைசிப் பூவை வைப்பது வேறொருவர் கை.

இந்தப் படிக்கட்டு தெரிந்தால்தான் 5ஆம் அத்தியாயம் புரியும். சகாயராஜ் அவளை முதல் நாளிலிருந்தே "செஃப்" என்று கூப்பிடுகிறான். அவள் வெட்டென்று, "நான் செஃப் இல்ல, காமி டூ" என்கிறாள். அவன், "எனக்கு உங்க படி வரிசையெல்லாம் தெரியாதுங்க செஃப்" என்று சொல்லிவிட்டு கம்ப்ரஸரைக் கழற்றப் போய்விடுகிறான். அவள் மனசுக்குள் வைத்திருக்கும் கனவுக்கு வெளியிலிருந்து ஒருவர் பெயர் சொல்வது அதுதான் முதல் தடவை.

அவள் அவனை ஏன் 'அண்ணா' என்று கூப்பிடவில்லை? ஏசி மெக்கானிக் வந்தால் நாம் எல்லோரும் அண்ணா என்றுதானே சொல்வோம்?

இந்தக் கேள்வியைக் கேட்ட எல்லோரையும் எனக்குப் பிடித்துப்போனது. ஆமாம், அவளும் லிஃப்ட் மெக்கானிக்கை, பால்காரரை, செக்யூரிட்டியை எல்லாம் அண்ணா என்றுதான் அழைப்பாள். சகாயராஜிடம் மட்டும் பெயரும் இல்லாமல் உறவும் இல்லாமல் வெறும் "நீங்க" என்று பேசுவாள். கூப்பிட வேண்டியிருந்தால் பக்கத்தில் போய் நின்று தொண்டையைச் செருமுவாள். அவள் அதை உணர்வதற்கு 14 அத்தியாயம் ஆகிறது. வாசித்த நீங்கள் முன்னாடியே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

வெண்ணெய், மாவு, மடிப்பு என்று பக்கம் பக்கமாக ஏன்? காதல் கதைதானே?

அந்த மடிப்பில்தான் காதல் கதை இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

க்ரோசான் என்பது பிறை வடிவ பிரெஞ்சு பேஸ்ட்ரி. அதைச் செய்ய, ஈஸ்ட் போட்ட மாவுக்குள் தகடு போலத் தட்டிய வெண்ணெயை வைத்து மூடுவார்கள். அதை நீளமாக உருட்டி, கடிதம் மடிப்பதுபோல் மூன்றாக மடிப்பார்கள். குளிரில் வைத்து எடுத்து மறுபடி உருட்டி, மறுபடி மூன்றாக மடிப்பார்கள். இப்படி மூன்று முறை. மூன்றை மூன்றால் பெருக்கி, திரும்பவும் மூன்றால் பெருக்கினால் வெண்ணெய் 27 அடுக்கு. அடுப்பில் வெண்ணெயில் இருக்கும் தண்ணீர் ஆவியாகி ஒவ்வொரு அடுக்கையும் தூக்கிவிடும். கடித்தால் நொறுங்கும் அந்த இதழ்கள் அப்படி வருபவை.

இதில் ஒரே ஒரு நிபந்தனை. அடுப்புக்குப் போகும் வரை வெண்ணெய் உருகக் கூடாது. உருகினால் மாவு அதைக் குடித்துவிடும். அடுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டு, வருவது எண்ணெய் கக்கும் பன். அதே சமயம் ரொம்பக் குளிர்ந்து இறுகியிருந்தாலும் உருட்டும்போது உள்ளே துண்டு துண்டாக உடைந்து அடுக்கு கிழியும். வளையும், ஆனால் உருகாது என்ற அந்த நிலை சுமார் 13 முதல் 16 டிகிரி செல்சியஸ். வெண்ணெய் முழுக்க உருகுவது 32 முதல் 35 டிகிரியில். புதுச்சேரியில் மே மாதம் வெளியே 38 டிகிரி இருக்கும்போது, அமுதா நிற்கும் மேஜையில் நடப்பது எவ்வளவு பெரிய போராட்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் நிறைய காதல் கதை படித்து வளர்ந்தவள். இறுகிய பெண் வருவாள், ஒருவன் வந்து அவளை உருக வைப்பான். உருகிவிட்டாள், சுபம். பேஸ்ட்ரி மேஜையில் நின்ற வருடங்களில் இந்த உவமை எனக்குக் கசந்துபோனது. உருகினால் எல்லாம் போச்சு என்று தினமும் கையால் தெரிந்துகொண்டவளுக்கு, உருகுவதைக் காதல் என்று எப்படிச் சொல்வது? அமுதாவுக்கு வேண்டியது 15 டிகிரி. அந்தக் குளிரைக் காப்பாற்றிக் கொடுக்கிற ஒருவனை அவளுக்கு எழுத நினைத்தேன். குளிர்சாதன மெக்கானிக் கதைக்குள் வந்தது அப்படித்தான்.

அப்பா செய்த வர்க்கியை அவள் ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறாள்?

வர்க்கியும் மடித்து மடித்து அடுக்கிய மாவுதான். ஆனால் அதில் வெண்ணெய்க்குப் பதில் வனஸ்பதி, நாம் சொல்லும் டால்டா. அது 31 முதல் 41 டிகிரிக்குள் உருகும்படி செய்யப்படுவது, அதனால் நம் வெயிலிலும், விறகு அடுப்புக்கு நாலடி தள்ளியுள்ள மேஜையிலும் தாங்கும். ஃப்ரீஸர் இல்லாத, ஏசி இல்லாத கடையில் அப்பா தினமும் அடுக்கு எழுப்பினார். அதை அமுதா சின்ன வயதில் சாதாரண வேலை என்று நினைத்தாள். கடை போன பிறகு கோபத்தில் தொடவே இல்லை. 31ஆம் அத்தியாயத்தில் அவள் க்ரோசான் மாவைத் தட்டும்போது தன் கை அசைவு அப்பாவின் அசைவு என்று கண்டுபிடிக்கிறாள். அதை எழுதி முடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

சகாயராஜ் ஏன் அவள் பின்னால் சுற்றவில்லை? ஆன்ட்டி ஹீரோவாக இருந்திருந்தால் விறுவிறுப்பாக இருந்திருக்குமே?

வழியை மறிப்பவனையும், கையைப் பிடித்து இழுப்பவனையும் என்னால் காதலன் என்று எழுத முடியாது. ஏற்கெனவே ஒருவர் முகத்தை நம்பிக் குடும்பமே தெருவுக்கு வந்த பெண்ணின் மேல் இன்னொருவன் தன் விருப்பத்தைத் திணிப்பதில் எனக்கு எந்த விறுவிறுப்பும் தெரியவில்லை.

சகாயராஜ் காட்டுவது வேறு. நாலரை மணிக்கு வருகிறேன் என்றால் நாலரைக்கு நிற்பான். தாமதமாகும் என்றால் முன்னாடியே சொல்வான். கடலோரக் காற்றில் உப்பு இருப்பதால், சூட்டை வெளியே தள்ளும் கண்டென்ஸரின் தகடுகள் சீக்கிரம் அரித்துப்போகும். மாதாமாதம் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். யாரும் பார்க்காத அந்த வேலையை அவன் தவறாமல் செய்கிறான். கதவின் ஓர ரப்பர் பட்டையான கேஸ்கட்டில் ஒரு தாளை வைத்து மூடி, இழுத்துப் பார்ப்பான். தாள் லேசாக வந்துவிட்டால் குளிர் கசிகிறது என்று அர்த்தம். அமுதா தூரத்திலிருந்து இதைப் பார்க்கிறாள். அவளுக்குக் காதல் அங்கே தொடங்குகிறது, ரோஜாப்பூவில் இல்லை.

அந்தத் தெர்மாமீட்டர் காட்சி புரியவில்லை. பரிசு வாங்கியதும் ஏன் ஐஸ் தண்ணீரில் போடுகிறாள்? அவமதிப்பது போல இருந்தது.

புதுத் தெர்மாமீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க எளிய வழி அதுதான். ஒரு கோப்பை நிறைய நொறுக்கிய ஐஸ், அது மூழ்கும் அளவுக்குத் தண்ணீர், நன்றாகக் கலக்கி முனையை நடுவில் வைத்தால் 0 டிகிரி காட்ட வேண்டும். அமுதா பரிசைக் கையில் வாங்கியவுடன், அவன் எதிரிலேயே அதைச் சோதிக்கிறாள். சகாயராஜுக்குக் கோபம் வரவில்லை. அவன் முதல் நாளே வீட்டில் சோதித்துவிட்டுத்தான் கொண்டுவந்திருக்கிறான், ஆனாலும் அதைச் சொல்லாமல் காத்திருக்கிறான். 0 காட்டுகிறது. அவள் அதைத் தன் கோட்டுக் கையில் இருக்கும் பாக்கெட்டில் செருகிக்கொள்கிறாள்.

"என்னை நம்பு" என்று ஒரு தடவையாவது அவன் சொல்லியிருந்தால் அவள் அன்றே விலகியிருப்பாள். சரிபார்க்க இடம் கொடுக்கிறான். அவளுக்கு அது போதும்.

ஃபெஞ்சல் புயல் நடந்ததுதானே? அந்தக் காட்சி உண்மையா?

புயல் உண்மை. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது, பல மணி நேரம் நகராமல் அங்கேயே நின்றது. 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. தெருக்களில் படகு போனது, ராணுவம் வந்து மக்களை மீட்டது. ஹோட்டலும் அதற்குள் நடப்பதும் என் கற்பனை.

ஆனால் அந்தத் தேதியை யோசித்துத்தான் எடுத்தேன். டிசம்பர் முதல் வாரம் என்றால் எந்த பேஸ்ட்ரி கிச்சனிலும் கிறிஸ்துமஸ் சரக்கு நிரம்பியிருக்கும். ரம்மில் ஊறும் பழங்கள், பெட்டி பெட்டியாக வெண்ணெய், முன்கூட்டியே உருட்டி உறைய வைத்த க்ரோசான்கள். புதுச்சேரி வீடுகளில் ரவையும் வெண்ணெயும் ரம்மில் ஊறிய பழமும் போட்டுச் செய்யும் விவிக்கம் கேக்கை இந்த முறை ஹோட்டல் பட்டியலில் சேர்க்க அமுதாவுக்கு முதல்முறையாக அனுமதி கிடைத்திருக்கிறது. கரண்ட் போகிறது. கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்து ஜெனரேட்டரும் நின்றுவிடுகிறது. பெரிய செஃப் வர வழியில்லை. உள்ளே அமுதா, இரண்டு பயிற்சி மாணவர்கள், மழைக்கு முன்பே வந்து மாட்டிக்கொண்ட சகாயராஜ்.

அவளுக்குப் பதற்றம். ஃப்ரீஸரைத் திறந்து பார்க்கப் போகிறாள். அவன் அன்றைக்கு மட்டும் குறுக்கே வந்து நிற்கிறான்.

"திறக்காதீங்க செஃப். முழுசா நிரம்பின ஃப்ரீஸர், மூடியே வச்சா ரெண்டு நாள் தாங்கும். பாதி நிரம்பினதுன்னா ஒரு நாள். நீங்க நல்லா அடுக்கி வச்சிருக்கீங்க. அது தாங்கும்."

இது தொழில்நுட்ப உண்மை. நிரம்பிய ஃப்ரீஸர் கதவைத் திறக்காவிட்டால் சுமார் 48 மணி நேரம், பாதி நிரம்பியது சுமார் 24 மணி நேரம் குளிரைப் பிடித்துவைக்கும். சாதாரண ஃப்ரிட்ஜ் நாலு மணி நேரம்தான். அதனால் குளிர் அறையில் இருந்த பாலையும் கிரீமையும்தான் முதலில் கவனிக்க வேண்டும். அவர்கள் அந்த இரவு செய்வதும் அதுதான். கேஸ் அடுப்பை மூட்டி இருக்கும் பாலையெல்லாம் கஸ்டர்டாகக் காய்ச்சி, ஹோட்டலில் சிக்கியவர்களுக்குச் சூடாகக் கொடுக்கிறார்கள்.

ஆனால் அமுதா காதில் விழுந்தது வேறு. அவள் வாழ்க்கையில் அம்மா, தோழிகள், கூட வேலை செய்பவர்கள் எல்லோரும் "கொஞ்சம் மனசைத் திறயேன்" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். மூடியே இரு, அது தாங்கும், நன்றாக அடுக்கியிருக்கிறாய் என்று சொன்ன முதல் ஆள் இவன். அன்றைக்கு விடியும்போது அவள் தானாகவே அப்பாவின் கதையைச் சொல்கிறாள். யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் மாலை கரண்ட் வருகிறது. தெர்மாமீட்டரை வைத்துப் பார்க்கிறாள். க்ரோசான்கள் இன்னும் கல்லாக இருக்கின்றன.

அளவுகளை எழுதிவைக்கும் அவள் நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கும் பழைய படம் யாருடையது?

மாரி அந்துவான் கரேம். பிரெஞ்சு பேஸ்ட்ரிக் கலையின் பெரிய பெயர். 1833இல் ஐம்பது வயதுகூட ஆகாமல் இறந்தவர். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், ஏறக்குறைய பத்து வயதில், வளர்க்க வழியில்லாத அப்பா அவரை பாரிஸ் தெருவில் விட்டுவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். சாப்பாட்டுக் கடையில் எடுபிடியாகத் தொடங்கி, பிறகு பாயி என்பவரின் பேஸ்ட்ரிக் கடையில் சேர்ந்தார். ஓய்வு நேரத்தில் தேசிய நூலகத்துக்குப் போய்க் கோயில்கள், கோபுரங்கள், இடிந்த மண்டபங்களின் படங்களைப் பார்த்து வரைந்து, அவற்றைச் சர்க்கரையிலும் பாதாம் பசையிலும் கட்டினார். பின்னாளில் பிரெஞ்சு ராஜதந்திரி தாலேராந்துக்கும் இங்கிலாந்து இளவரசருக்கும் சமைத்தார். கைவிடப்பட்ட ஒரு பையன், இடிபாடுகளைப் பார்த்துக் கட்டக் கற்றுக்கொண்டான். அமுதா ஏன் அந்தப் படத்தை ஒட்டிவைத்தாள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தூத்துக்குடி மக்ரூனை அவள் கத்தியால் வெட்டி ஆராய்வது ஏன்?

அவளுக்கு அன்பைக் காட்டத் தெரிந்த வழி அது. முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. நுரைத்து, கூம்பாகப் பிழிந்து, மெதுவான சூட்டில் நிதானமாகக் காய வைப்பது. பிரெஞ்சு மக்ரோனில் பாதாம், இங்கே முந்திரி. அவன் ஊரிலிருந்து கொண்டுவந்த பொட்டலத்தை மற்றவர்கள் வாயில் போட்டுக் கரைக்கிறார்கள், அவள் மட்டும் குறுக்கே வெட்டிக் காற்றறைகளைப் பார்த்து, "இதைப் பண்ணவரு நல்ல கைக்காரர்" என்கிறாள். அவன் ஊரையே பாராட்டிய மாதிரி அவன் முகம் மலர்கிறது.

கல்யாணத்துக்கு அப்புறம் வேலையை விடுவாளா?

மாட்டாள். கடைசி அத்தியாயத்தில் அவள் காமி 1. இன்னும் பேஸ்ட்ரி செஃப் ஆகவில்லை. ஒரே வருடத்தில் ஆக்கிவிட எனக்கு மனம் வரவில்லை, அது அந்த வேலையைச் செய்கிறவர்களுக்குச் செய்யும் அநியாயம். 50 கிலோ மைதா மூட்டையைத் தள்ளி, அடுப்புத் தட்டு பட்டு முழங்கை வரை தழும்பு வாங்கி, வருடக் கணக்கில் ஏற வேண்டிய படிக்கட்டு அது.

முத்தக் காட்சி ஒன்றே ஒன்றுதானா?

ஆமாம். அதற்கு முன்னால் அவள் தன் நோட்டை அவன் கையில் கொடுத்து, சங்கேத எழுத்தில் எழுதியிருக்கும் அளவுகளைப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறாளே, எனக்கு அதுதான் பெரிய காட்சி.

இது உங்கள் சொந்தக் கதையா?

காதல் இல்லை. கிச்சன் என்னுடையது. ஆறு வருடம் ஒரு ஹோட்டலின் பேஸ்ட்ரி பிரிவில் வேலை பார்த்தேன். நான் இரவெல்லாம் முயன்று உருவாக்கிய ஒரு இனிப்பு மேலே இருந்த ஒருவர் பெயரில் மெனுவில் ஏறியது. அதற்கப்புறம் நானும் அளவுகளைச் சங்கேதத்தில்தான் எழுதினேன். அந்த நோட்டு மட்டும் அப்படியே அமுதாவுக்குப் போயிருக்கிறது.

படித்ததும் க்ரோசான் செய்யும் ஆசை வந்துவிட்டது. வீட்டில் முடியுமா?

முடியும். மே மாதம் வேண்டாம். டிசம்பர் கடைசி, ஜனவரியில், விடியற்காலை நாலு மணிக்குத் தொடங்குங்கள். மின்விசிறியை ஓடவிடாதீர்கள், மாவின் மேல்தோல் காய்ந்துவிடும். உப்பில்லாத வெண்ணெய் வாங்குங்கள், பாக்கெட்டில் கொழுப்பு 82 சதவீதம் என்று இருந்தால் நல்லது. தண்ணீர் குறைவாக இருப்பதால் நன்றாக வளையும். ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவே அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மாவு உருட்ட வராமல் சுருங்கினால் பலம் போடாதீர்கள், திரும்பக் குளிரில் வைத்துவிட்டு ஒரு காபி குடியுங்கள். கடைசியாகப் பொங்க வைக்கும் இடம் 27 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. தட்டில் வெண்ணெய் கசிந்து பளபளத்தால் சூடு அதிகம் என்று அர்த்தம், உடனே ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். முதல் தடவை பன் மாதிரிதான் வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது, சூடாக இருக்கும்போதே எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டோம்.